ஓடுதளம் இருக்கிறது, இறங்கத்தான் வழியில்லை

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகள் என்று ஒரு பட்டியல் அடிக்கடி சுற்றி வரும், பார்த்திருப்பீர்கள். பூட்டான், நேபாளம், மொரிஷியஸ் என்று ஆரம்பித்து, கரீபியன் பக்கம் வந்ததும் பார்படோஸ், ஜமைக்கா, டொமினிகா, ஹைதி என்று மளமளவென்று அடுக்கிக்கொண்டு போவார்கள். பின்னணியில் நீலக்கடல், தென்னை மரம். அதில் ஹைதி பெயர் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும். விசா வேண்டாம், சரி. எந்த விமானத்தில் போய் எங்கே இறங்குவது?

தலைநகர் போர்ட் ஓ பிரின்ஸில் ஒரு பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. துசான் லூவெர்தூர் விமான நிலையம் என்று பெயர். ஒரே ஓடுதளம்தான், ஆனால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம், பெரிய ஜெட் விமானங்கள் தாராளமாக இறங்கலாம். மியாமியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 2024 தொடக்கம் வரை அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஜெட்புளூ, ஸ்பிரிட் எல்லாம் வந்து போய்க்கொண்டிருந்தன. அதே வருடம் நவம்பருக்குப் பிறகு அமெரிக்க விமானம் ஒன்றுகூட அங்கே பயணிகளை இறக்கவில்லை. ஓடுதளத்தில் குழி விழவில்லை, கோபுரம் இடியவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. பிறகு என்னதான் ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் விமான நிலையம் என்றால் என்ன என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் உண்மைக்கும் நடுவில் உள்ள இடைவெளி இந்த ஓர் ஊரில் நன்றாகத் தெரிகிறது.

முதலில் 14 வருடம் பின்னால் போக வேண்டும். 2010 ஜனவரி 12, மாலை 4.53. ரிக்டர் கணக்கில் 7 என்ற நிலநடுக்கம். ஊரே தரைமட்டம். விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் பயன்படாமல் போனது, பயணிகள் கட்டடத்தில் விரிசல். ஆனால் ஓடுதளம் தப்பித்தது. மறுநாள் அமெரிக்க விமானப்படையின் சிறப்புப் பிரிவு ஆட்கள் வந்து இறங்கினார்கள். இறங்கிய 28 நிமிடத்தில் ஓடுதளத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு மடக்கு மேசையைப் போட்டார்கள், சீட்டாடப் போடுவோமே அந்த மாதிரி மேசை. கையில் ரேடியோ, கண்ணெதிரே வானம். ரேடார் கிடையாது. அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டே ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம் என்ற கணக்கில் இறக்கினார்கள், ஏற்றினார்கள். சாதாரண நாட்களில் ஒரு டஜன் சொச்சம் பயணிகள் விமானம் வந்த இடத்தில் ஒரு நாளைக்கு நூறு விமானத்துக்கு மேல் வந்தன.

அப்போதும் பிரச்சினை இல்லாமல் இல்லை. இந்த நிலையத்தில் ஓடுதளத்துக்கு இணையாக ஓடும் டாக்ஸிவே கிடையாது. இறங்கிய விமானம் அதே ஓடுதளத்திலேயே திரும்பி உருண்டு வந்துதான் நிறுத்துமிடத்துக்குப் போக முடியும், அதுவரை அடுத்தவர் மேலேயே வட்டம் போட வேண்டும். நிறுத்துமிடமும் சின்னது. இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் சரக்கு விமானமும் ஒன்று, அதற்குள் காற்றடித்து நிறுத்துகிற ஒரு முழு மருத்துவமனையே இருந்தது. அது பக்கத்து நாடான டொமினிகன் குடியரசில் இறங்கி, லாரியில் ஏறி, ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. ராணுவ விமானத்துக்கு முதலிடம், மருந்துக்கு இரண்டாமிடமா என்று அன்றைக்குப் பெரிய சண்டையே நடந்தது. அந்தச் சண்டை நியாயமானதுதான் என்பது என் கருத்து. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு: கோபுரம் இல்லாமல், கட்டடம் இல்லாமல், மின்சாரம் இல்லாமல்கூட அந்த விமான நிலையம் தன் வாழ்நாளிலேயே அதிகமாக உழைத்தது அந்த நாட்களில்தான். பிப்ரவரி 19ஆம் தேதி பயணிகள் விமானமும் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. 2012 வாக்கில் வருகைப் பகுதியைப் புதுப்பித்தும் விட்டார்கள்.

இப்போது அதே இடத்தில் கோபுரம் உண்டு, கட்டடம் உண்டு, மேலே இருந்து இறங்கி வருகிற பாதைதான் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். பயணிகள் விமானம் சாதாரணமாக 3 டிகிரி சரிவில் இறங்கும். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர். ஓடுதளத்துக்கு 5 கிலோமீட்டர் முன்னால் விமானம் ஏறக்குறைய 260 மீட்டர் உயரத்தில் இருக்கும், 2 கிலோமீட்டர் முன்னால் 100 மீட்டர் சொச்சம். சக்கரம் வெளியே நீட்டியிருக்கும், வேகம் குறைந்திருக்கும், இடம் வலம் திரும்ப முடியாது, எந்தக் கோட்டில் வரும் என்று கீழே நிற்கிற சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை, மொட்டை மாடியிலிருந்து விமானத்தின் அடிவயிற்றில் எழுதியிருப்பதைப் படிப்பவர்கள் அவர்கள். அந்த உயரத்தில் ராணுவ வகைத் துப்பாக்கி ஒன்று போதும், ராக்கெட்டெல்லாம் வேண்டாம்.

போர்ட் ஓ பிரின்ஸில் அந்தச் சரிவுக் கோட்டின் கீழே என்ன இருக்கிறது? அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும், விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், அதனால் மேற்கே கடல் பக்கமிருந்து வரும். கடலுக்கும் ஓடுதளத்துக்கும் நடுவில் இருப்பது சிட்டே சோலே, பல வருடங்களாக ஆயுதக் கும்பல்களின் கையில் இருக்கும் குடிசைப் பகுதி. சரி, மறுபக்கமிருந்து வரலாமே என்றால், கிழக்கே குரோவா தே பூக்கே. அங்கே வேறொரு கும்பல். நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் கும்பல்களின் கட்டுப்பாட்டில் என்று ஐ.நா. சொல்கிறது, அதைப் படிக்கும்போது தெருவையும் சாலையையும்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தெருக்களுக்கு மேலே உள்ள 300 மீட்டர் ஆகாயமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

ஒரு காலத்தில் இந்தக் கும்பல்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரி 29ஆம் தேதி அது மாறியது. ‘விவ் அன்சன்ம்’, அதாவது ‘சேர்ந்து வாழ்வோம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு (பெயரைப் பாருங்கள்!) எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி காவல் நிலையங்களைத் தாக்கினார்கள், விமான நிலையத்தின் மேல் சுட்டார்கள், அடுத்த சில நாட்களில் சிறைகளை உடைத்தார்கள். மார்ச் 4ஆம் தேதி விமான நிலையத்தையே பிடிக்கப் பார்த்தார்கள், ராணுவமும் போலீசும் சுட்டு விரட்ட வேண்டியதாயிற்று.

அப்போது பிரதமர் ஏரியல் ஆன்ரி நாட்டில் இல்லை. கும்பல்களை அடக்க போலீஸ் படை அனுப்புங்கள் என்று கேட்டு ஒப்பந்தம் போட கென்யாவுக்குப் போயிருந்தார். திரும்பி வர விமான நிலையம் இல்லை. பக்கத்து நாடு இறங்க அனுமதி தரவில்லை. கடைசியில் மார்ச் 5ஆம் தேதி போர்ட்டோ ரிக்கோவில் போய் இறங்கினார், ஒரு வாரத்துக்குள் பதவி விலகுவதாக அறிவித்தார். ஒரு நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்க அரண்மனையைப் பிடிக்க வேண்டியதில்லை, ஓடுதளத்தை மறித்தாலே போதும் என்று கும்பல்கள் காட்டிவிட்டன.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. அதிபர் அரிஸ்டீட் கலகத்துக்கு நடுவே அமெரிக்கா ஏற்பாடு செய்த விமானத்தில் நாட்டை விட்டுப் போனது 2004 பிப்ரவரி 29. சரியாக இருபது வருடம். அதற்கும் முன்னால், 1986 பிப்ரவரி 7ஆம் தேதி விடிவதற்குள் சர்வாதிகாரி ஜான் குளோத் துவாலியே தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு இதே விமான நிலையத்துக்கு வந்து அமெரிக்க விமானப்படை விமானத்தில் ஏறிப் போனார். 1965இல் திறந்தபோது இதற்கு அவருடைய அப்பா பிரான்சுவா துவாலியேவின் பெயர்தான் வைத்திருந்தார்கள், மகன் ஓடிய பிறகு அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். லூவெர்தூர் பெயர் வந்தது 2003இல். அடிமைகளின் புரட்சியை நடத்தியவர், பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துப் பிடித்துக் கப்பலில் ஏற்றப்பட்டு, 1803இல் பிரான்சில் ஒரு மலைக்கோட்டைச் சிறையில் செத்துப்போனவர். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர் திரும்பி வரவே இல்லை. விமான நிலையத்துக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் அதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள்.

சரி, 2024க்கு வருவோம். மார்ச் தொடக்கத்தில் மூடியவர்கள் மே 20ஆம் தேதிதான் திறந்தார்கள். நடுவில் அமெரிக்க ராணுவ சரக்கு விமானங்கள் மட்டும் வந்தன. மதிலை ஒட்டியிருந்த வீடுகளைப் பாதுகாப்புக்கு என்று புல்டோசர் வைத்து இடித்தார்கள். ஜூன் 25ஆம் தேதி கென்யப் போலீஸ் வந்து இறங்கியது. எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அக்டோபர் 24ஆம் தேதி 18 பேரோடு போன ஐ.நா. ஹெலிகாப்டரின் மேல் குண்டு பாய்ந்தது, நல்லவேளையாகத் தரையிறங்கிவிட்டது. நவம்பர் 11ஆம் தேதி புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் இருந்து வந்த ஸ்பிரிட் 951, இறங்கப் போகும் நேரத்தில் சுடப்பட்டது. விமானப் பணிப்பெண் ஒருவருக்கு லேசான காயம். விமானி மறுபடி மேலே ஏற்றி டொமினிகன் குடியரசின் சாந்தியாகோ நகருக்குப் போய் இறக்கினார். அன்றைக்குத்தான் ஹைதியில் புதுப் பிரதமர் பதவியேற்றுக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான பகுதி, அதற்கு அடுத்து வந்தது. ஜெட்புளூவும் அமெரிக்கனும் தங்கள் விமானங்கள் ஊர் திரும்பிய பிறகு சோதித்துப் பார்த்தபோது, அவற்றிலும் குண்டு பட்ட தடம் இருந்தது தெரிய வந்தது. ஏறிய பயணிகளுக்கும் தெரியாது, ஓட்டியவருக்கும் தெரியாது. அந்த நிமிடத்தோடு அந்த விமான நிலையத்தின் கதை முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தைச் சமாளிக்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்லலாம். வந்து போனதே தெரியாத ஆபத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

மறுநாளே எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், 30 நாள் தடை போட்டது. முதலில் நாடு முழுக்க. டிசம்பரில் அதைத் தலைநகர்ப் பகுதிக்கு மட்டும் என்று சுருக்கி, 10,000 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்தார்கள். ஏன் 10,000 அடி? மேலே போட்ட சரிவுக் கணக்கையே திருப்பிப் போடுங்கள். அது 3 கிலோமீட்டர் உயரம், அதற்கு மேலே துப்பாக்கி வகையறா எதுவும் எட்டாது. அந்தத் தடை 2025 மார்ச் வரை, பிறகு செப்டம்பர் வரை, பிறகு 2026 மார்ச் வரை என்று நீண்டுகொண்டே போனது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தத் தடை விமான நிலையத்தை மூடும் உத்தரவு இல்லை. வாஷிங்டனில் இருக்கிற ஓர் அலுவலகம் வேறொரு நாட்டு விமான நிலையத்தை மூட முடியாது. அமெரிக்க நிறுவனங்கள், அமெரிக்க உரிமம் வைத்திருக்கும் விமானிகள், அமெரிக்காவில் பதிவான விமானங்களை இயக்குபவர்கள் இவர்களை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அதில் விலக்கும் உண்டு. ஹைதி அரசு அந்த டிசம்பரிலேயே நிலையத்தைத் திறந்துவிட்டோம் என்று அறிவித்தும் விட்டது. காகிதத்தில் திறந்திருக்கிறது. ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் மியாமி, நியூயார்க் பக்கத்து ஆட்கள், அவர்களைச் சுமந்தவை அமெரிக்க நிறுவனங்கள். மீதி இருப்பவர்களும் இன்சூரன்ஸ் இல்லாமல் பறக்க முடியாது. விமானத்துக்குப் போர் ஆபத்துக் காப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு, நிலைமை கெட்டால் ஏழு நாள் நோட்டீஸில் அதை ரத்து செய்யலாம் என்பது வழக்கமான விதி. உலகத்தில் ஏகப்பட்ட விமானங்கள் வாடகைக்கு எடுத்தவைதான், வாடகைக்குக் கொடுத்தவர் காப்பீடு இல்லாத இடத்துக்குப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பார். ஆக ஒரு விமான நிலையத்தை மூட யாரும் பூட்டு போட வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் அங்கே போய் இறங்குவது எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது வெறும் துயரக் கதை மட்டும் கிடையாது. வருகைப் பகுதிக்குள் நுழையும்போதே ஒரு சின்ன இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும், ‘துவுபாது’ என்கிற பழைய ஹைதி நாட்டுப்புறப் பாணி. கிட்டார், பாஞ்சோ, மேளம், குலுக்குகிற மராக்கா. வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் கையில் 10 டாலர் ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும், நுழைவுக் கட்டணம். அப்புறம் பெட்டி. புரூக்ளினிலோ மியாமியிலோ மான்ட்ரியாலிலோ வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால் பெட்டி எப்படி இருக்கும் என்று வளைகுடாவிலிருந்து வருகிறவர்களைப் பார்த்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. டேப் சுற்றியது, கயிறு கட்டியது, மூடி பிதுங்கியது. உள்ளே துணி, மருந்து, சமையல் எண்ணெய், செருப்பு. இவர்களை ஹைதி மக்களின் பேச்சுமொழியான கிரியோலில் ‘தியாஸ்போரா’ என்று ஒருமையிலேயே கூப்பிடுவார்கள், ‘அதோ ஒரு தியாஸ்போரா போகிறார்’ என்கிற மாதிரி. இவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வெளியே தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்டி தூக்குகிறேன் என்பவர்களும் டாக்ஸி வேண்டுமா என்பவர்களும் சொந்தக்காரர்களும் ஒரே நெரிசலாக நிற்பார்கள். அந்த நெரிசலில் யார் பெட்டி கனமானது என்று பார்த்து வைத்துக்கொண்டு பின்னாலேயே போய் வழிப்பறி செய்பவர்களும் உண்டு, அமெரிக்க அரசே அதைப் பயண எச்சரிக்கையில் எழுதியிருக்கிறது.

திடீரென்று நின்றுபோவதும் 2024இல் வந்த புதுப் பழக்கம் இல்லை. 2018 ஜூலையில் எரிபொருள் விலையை ஏற்றியபோது ஊர் முழுக்க டயரைக் கொளுத்தி மறித்தார்கள், அமெரிக்க விமானங்கள் ரத்தாயின. 2023 ஜனவரியில் சக போலீஸ்காரர்கள் கொல்லப்பட்ட கோபத்தில் போலீஸ்காரர்களே விமான நிலையத்துக்குள் புகுந்தார்கள், அர்ஜென்டினாவிலிருந்து வந்திறங்கிய அதே பிரதமர் ஆன்ரி உள்ளேயே மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள், மூன்று நாள், மறுபடி பழையபடி. அந்தப் பழக்கத்தில்தான் 2024 மார்ச்சிலும் ஒரு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்று பலர் நினைத்திருப்பார்கள்.

இப்போது ஒருவர் போர்ட் ஓ பிரின்ஸுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் வடக்கே காப் ஹைசியன் போக வேண்டும். அங்கே வெனிசுவேலா பணத்தில் ஓடுதளத்தை நீட்டினார்கள், அதனால் 2013இல் அந்நாட்டு அதிபராக இருந்த ஹ்யூகோ சாவேஸ் பெயர் வைத்தார்கள். வடக்குப் பகுதிக்கு என்று கட்டிய சின்ன நிலையம், இன்றைக்கு ஒரு நாட்டுக்கே அதுதான் வாசல். உள்நாட்டு நிறுவனமான சன்ரைஸ் ஏர்வேஸ் மியாமியிலிருந்து அங்கே கொண்டுவந்து விடும். அங்கிருந்து தலைநகர் சாலை வழியாக 250 கிலோமீட்டர், சென்னையிலிருந்து ஏறக்குறைய கள்ளக்குறிச்சி பக்கம் வரை போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை எண் 1. வழியில் கும்பல்களின் சுங்கச்சாவடிகள், நிறுத்திக் காசு கேட்பார்கள், காசோடு விட்டால் அதிர்ஷ்டம். வசதி இருப்பவர்கள் ஹெலிகாப்டரில் போகிறார்கள், ஓர் இருக்கைக்கே ஆயிரக்கணக்கான டாலர். தொண்டு நிறுவன ஆட்கள் என்றால் ஐ.நா. ஹெலிகாப்டர். சன்ரைஸ் 2025 ஜூன் 12ஆம் தேதி தலைநகரிலிருந்து உள்நாட்டு விமானங்களை மறுபடி ஆரம்பித்தது. அந்த உள்நாட்டு முனையத்துக்குப் பெயர் கீ மலாரி. 1993 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்ட சட்ட அமைச்சர் அவர்.

அமெரிக்கா திருப்பி அனுப்புகிற ஹைதிக்காரர்களையும் காப் ஹைசியனில்தான் இறக்கிவிடுகிறார்கள். தலைநகர் ஆபத்தானது என்று தன் விமானங்களைத் தடுத்த அதே அரசு, தலைநகர்க்காரரை அதற்கு 250 கிலோமீட்டர் இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, இனி உன் பாடு என்கிறது. 2025 ஜூன் மாதக் கணக்குப்படி வன்முறையால் வீடு இழந்து உள்நாட்டிலேயே அகதியானவர்கள் 13 லட்சம் பேர். அந்த மாதமே, 9ஆம் தேதி முதல், ஹைதிக்காரர்கள் அமெரிக்காவுக்குள் வர பெரும்பாலும் தடை என்றும் டிரம்ப் உத்தரவு போட்டுவிட்டார். பக்கத்து டொமினிகன் குடியரசு 2023 செப்டம்பரிலேயே, எல்லை நதியில் கால்வாய் வெட்டுகிற தகராறில், விசா கொடுப்பதை நிறுத்திவிட்டது.

நம் ஆட்களும் இதில் மாட்டினார்கள். இந்தியாவுக்கு ஹைதியில் தூதரகம் கிடையாது, டொமினிகன் குடியரசில் இருக்கும் தூதரகம்தான் பார்த்துக்கொள்கிறது. 2024 மார்ச் 21ஆம் தேதி ‘ஆபரேஷன் இந்திராவதி’ என்று பெயர் வைத்து 12 இந்தியர்களை அந்த நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உக்ரைனிலிருந்தோ சூடானிலிருந்தோ அழைத்து வந்தது போல ஆயிரக்கணக்கில் இல்லை, பன்னிரண்டே பேர், அதனால் நம் செய்திகளில் ஒரு நாள் வந்து போய்விட்டது.

விசா வேண்டாத நாடுகள் பட்டியலில் ஹைதி இன்னமும் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த மியாமி விமானத்தில் ஏற அமெரிக்க விசா வேண்டும். பனாமா வழியாகப் போகலாம் என்றால் அங்கிருந்து தலைநகருக்கு வந்துகொண்டிருந்த கோப்பா விமானம் இப்போது வருவதில்லை. தடை 10,000 அடிக்குக் கீழேதான் என்பதால் மேலே போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை, தென் அமெரிக்கா பக்கம் போகிற விமானங்கள் ஹைதிக்கு மேலே பறந்துகொண்டேதான் இருக்கின்றன. மேகம் இல்லாத நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் ஒரு பக்கம் வளைகுடா, மறுபக்கம் பெரிய உப்பேரி, நடுவில் நேராக, சாம்பல் நிறத்தில் 3 கிலோமீட்டர் ஓடுதளம்.